புல்லின் பெயரா, அறுத்த நாளா? உலர்புல்லின் தரம் தீர்மானமாகும் இடம்

ஒரு வயலில் பாதியைக் கதிர் வெளிவரும் தறுவாயிலும், மீதிப் பாதியை மூன்று நான்கு வாரம் கழித்துப் பூ உதிர்ந்த பிறகும் அறுத்து உலர்த்துவதாக வைத்துக்கொள்வோம். மண் ஒன்று, விதை ஒன்று, எரு ஒன்று, உலர்த்திய விதமும் ஒன்று. முதல் பாதியில் புரதம் 12 சதவீதம், நார் 60 சதவீதம். இரண்டாவதில் புரதம் 7, நார் 70. திமோத்தி போன்ற புற்களில் இந்த இறக்கம் மிகச் சாதாரணம். தாளில் பார்க்கும்போது ஐந்தும் பத்தும் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. மாட்டின் வயிற்றுக்குள் போன பிறகுதான் அது பெரிதாகிறது.

நார் கூடினால் மாடு தின்னும் அளவே குறையும். வயிறு நிறைந்த பிறகு, தின்றது கரைந்து இறங்கினால்தான் அடுத்த வாய்க்கு இடம். தீவனக்காரர்கள் இதற்கு ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: 120ஐ நார் சதவீதத்தால் வகுத்தால், மாடு தன் உடல் எடையில் எத்தனை சதவீதம் உலர்பொருள் தின்னும் என்பது வரும். 400 கிலோ எடையுள்ள மாடு முதல் வகைப் புல்லில் 8 கிலோ தின்னும், இரண்டாவதில் 6.9 கிலோவோடு நின்றுவிடும். இப்போது புரதத்தைப் பெருக்கிப் பாருங்கள். முதலாவதில் 960 கிராம், இரண்டாவதில் 480 கிராம். சரிபாதி. அதே வயல், அதே புல்.

உலர்புல் வாங்குபவர் எடுத்ததும் கேட்பது "என்ன புல்?" என்றுதான். அதுவும் கேட்க வேண்டியதே. ஆனால் அதற்கு முன்னால் "எந்தப் பருவத்தில் அறுத்தது?" என்று கேட்டிருக்க வேண்டும். உயர்ந்த ரகப் புல்லையும் தாமதமாக அறுத்துப் பாழாக்கிவிடலாம். சுமாரான புல்லையும் நேரத்தோடு அறுத்துத் தேற்றிவிடலாம். புல் வகைக்கு இதில் வேறொரு பங்கு உண்டு. அறுக்க எத்தனை நாள் அவகாசம் கிடைக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அந்த நாட்களில் வெயில் காயுமா, மழை பெய்யுமா என்பதோ பருவகாலத்தின் கையில். மூன்றும் ஒரே வாரத்தில் கூடிவருவது அபூர்வம் என்பதால்தான், ஒரே பெயரில் விற்கும் புல் கட்டுக்குக் கட்டு வேறாக இருக்கிறது.

தண்டுக்குள் நடப்பது

புல் இளசாக இருக்கும்போது தண்டு என்று நாம் பிடித்துப் பார்ப்பது, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும் இலையுறைகளைத்தான். வளரும் நுனி தரையோடு தரையாக அடியில் உட்கார்ந்திருக்கும். பகலின் நீளம், குளிர், பயிரின் வயது என்று அந்த இனத்துக்கு வேண்டியவை கிடைத்ததும், நுனி இலை விடுவதை நிறுத்திக்கொண்டு கதிர் கட்டத் தொடங்குகிறது. அதற்குப் பிறகே கணுக்கள் எழும்பி உண்மையான தண்டு நீளும்.

இதை வயலில் பார்க்க ஒரு பிளேடு போதும். தூரிலிருந்து ஒரு கிளைப்பை அடியோடு பிடுங்கி, வெளி இலைகளை உரித்துவிட்டு, நெடுக்குவாட்டில் கீறினால் உள்ளே இளங்கதிர் வெள்ளையாகத் தெரியும். ஓர் அரிசி நீளம்தான் இருக்கிறது என்றால் இன்னும் அவகாசம் உண்டு. கடைசி இலையின் உறைக்குள் ஏறி, விரலால் தடவும்போது புடைப்பாகத் தட்டுப்பட்டால் அது தொண்டைக்கதிர்ப் பருவம். கத்தியைத் தீட்ட வேண்டிய நேரம் அதுவே. கதிர் வெளியே தலைகாட்டிப் பூத்து மகரந்தம் தூவும்போது வயல் பார்க்க அழகாக இருக்கும். தீவனம் என்ற கணக்கில் அது ஏற்கெனவே இறங்குமுகம்.

தண்டு உயர்ந்தால் தாங்கி நிற்க வலு வேண்டும். அதனால் செல் சுவர் தடிக்கிறது. அதில் லிக்னின் என்ற மரத்தன்மையுள்ள பொருள் படிகிறது. செல்லுக்குள்ளே இருக்கும் சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் கிட்டத்தட்ட முழுமையாகச் செரித்துவிடும். சுவரில் உள்ள செல்லுலோஸையும் ஹெமிசெல்லுலோஸையும் மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் உடைத்துத் தின்று, மாட்டுக்கு ஆற்றல் கொடுக்கும். லிக்னினை மட்டும் அவற்றால் தொட முடியாது. தான் செரிக்காமல் போவதோடு, தன்னோடு பிணைந்த செல்லுலோஸையும் அவற்றுக்கு எட்டவிடாமல் செய்துவிடும் என்பதுதான் அதனிடம் உள்ள பெரிய தொல்லை.

இதை அளப்பதிலேயே நெடுநாள் தடுமாற்றம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வேண்டே ஆய்வு நிலையத்தில் உருவான "கச்சா நார்" முறையில், புல்லை அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைப்பார்கள். கொதியில் லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் ஓரளவு கரைந்து போய்விடும். முற்றிய புல் தன் தகுதிக்கு மீறி நல்ல பெயர் வாங்கிவிடும். 1960களில் அமெரிக்க வேளாண்துறையில் இருந்த பீட்டர் வான் சோயெஸ்ட், சலவைப் பொருள் கலந்த கரைசல்களைப் பயன்படுத்தி இந்தக் குளறுபடியைத் தீர்த்தார். இன்று ஆய்வக அறிக்கையில் என்.டி.எஃப். என்று வருவது மொத்தச் செல் சுவரின் அளவு. மாடு எவ்வளவு தின்னும் என்பதை அது சொல்லும். ஏ.டி.எஃப். என்று வருவது செல்லுலோஸும் லிக்னினும் சேர்ந்தது. தின்றதில் எவ்வளவு செரிக்கும் என்பதற்கு அது ஒரு தடயம். நான் மேலே "நார்" என்று சொன்னது முதலாவதை.

இந்த இறக்கம் எவ்வளவு வேகமானது? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1950களில் நியூயார்க் மாநிலத்து முதல் அறுப்புப் புல்லுக்கு ஒரு கணக்கு போட்டார்கள். ஏப்ரல் 30க்குப் பிறகு எத்தனை நாள் கழித்து அறுக்கிறோமோ, அந்த எண்ணை 0.48ஆல் பெருக்கி 85இலிருந்து கழித்தால் செரிமான சதவீதம். மே மாதக் கடைசியில் அறுத்தால் 70. ஜூன் கடைசியில் அறுத்தால் 56. நாளொன்றுக்கு அரை புள்ளி. அந்த ஊர்த் தட்பவெப்பத்துக்கான கணக்கை வேறெங்கும் அப்படியே எடுத்துப் போட முடியாது. ஆனாலும் அந்தச் சமன்பாட்டில் புல்லின் பெயருக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதி ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

விளைச்சலோ எதிர்த்திசையில் ஓடும். தொண்டைக்கதிரில் அறுப்பதைவிடப் பூத்த பிறகு அறுத்தால் ஏக்கருக்குக் கூடுதல் கட்டு கிடைக்கும். கட்டு எண்ணிக்கையில் விற்பவருக்குத் தாமதம் லாபம், அதைத் தன் மாட்டுக்குப் போடுபவருக்கு நஷ்டம். எண்ணிக்கையை விட்டுவிட்டுச் செரிக்கும் சத்தை மட்டும் ஏக்கர்க் கணக்கில் பார்த்தால், தொண்டைக்கதிருக்கும் கதிர் வெளிவரும் தொடக்கத்துக்கும் நடுவே உச்சம் வருகிறது. அதற்குமேல் கூடும் எடையில் பெரும்பகுதி தண்டுதான்.

தானியப் பயிர்கள் இதற்கு ஒரு விதிவிலக்கு. ஓட்ஸ், பார்லி போன்றவற்றை உலர்புல்லுக்காக வளர்த்தால், தண்டு முற்றும் அதே வேளையில் மணியில் மாவு ஏறும். தண்டில் இழந்ததை மணி ஓரளவு ஈடுகட்டிவிடும். அதனால் ஓட்ஸைப் பால் பிடித்த பருவத்திலும் இளமாவுப் பருவத்திலும் அறுப்பதில் நியாயம் இருக்கிறது. பார்லியில் சுணை முரடாகி வாயைக் குத்தும் முன்பே அறுத்துவிட வேண்டும்.

குளிர்காலப் புல், வெயில்காலப் புல், பயறு வகை

புற்களைத் தாவரவியலில் பல விதமாகப் பிரிக்கலாம். உலர்புல் செய்பவருக்கு ஒரு பிரிவு முக்கியம்: மிதமான குளிரில் நன்றாக வளருபவை, கடும் வெயிலில் நன்றாக வளருபவை. திமோத்தி, ஆர்ச்சர்டு புல், ரை புல், ஃபெஸ்கியூ எல்லாம் முதல் கூட்டம். அருகு இனமான பெர்முடா புல், ரோட்ஸ் புல், கொழுக்கட்டைப் புல், கினிப்புல், சூடான் புல், சோளம், டெஃப் இவை இரண்டாம் கூட்டம்.

வேறுபாடு இலையின் உட்கட்டுமானத்தில் இருக்கிறது. வெயில்காலப் புற்கள் கரியமில வாயுவைச் சேர்த்துப் பிடிக்கும் சி4 முறையைக் கையாளுபவை. அதற்காக இலை நரம்புகளைச் சுற்றித் தடித்த சுவருள்ள செல்களை நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கின்றன. இந்த ஏற்பாட்டால் குறைந்த நீரிலும் குறைந்த தழைச்சத்திலும் வேகமாக வளர முடிகிறது. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய நொதிப் புரதமும் இலைக்குக் கொஞ்சம் போதும். செடிக்கு அது சிக்கனம். மாட்டுக்கோ புரதம் குறைவு, செரிக்கக் கடினமான சுவர் அதிகம். பொதுவாக வெயில்காலப் புற்களின் செரிமானம் குளிர்காலப் புற்களைவிட 10 புள்ளிக்கும் மேல் குறைவு. எடையில் அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகின்றன, அவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்துக்குக் கதிரைப் பார்த்து நாள் குறிப்பதைவிட வயதைப் பார்த்துக் குறிப்பது பாதுகாப்பு. பெர்முடா புல்லும் ரோட்ஸ் புல்லும் கதிர் இல்லாமலேயே முற்றிவிடும். நான்கு, ஐந்து வாரத்துக்கு ஒருமுறை அறுத்தால் புரதம் 12 சதவீதத்தை ஒட்டி நிற்கும். எட்டு வாரம் விட்டால் 7, 8க்கு இறங்கிவிடும். 7 சதவீதம் என்பது ஓர் எல்லைக்கோடு: அதற்குக் கீழே போனால் வயிற்று நுண்ணுயிர்களுக்கே தழைச்சத்து பற்றாமல் போய், நாரைக் கரைக்கும் வேலை மந்தமாகி, மாடு தின்பதும் குறைந்துவிடும். வயலில் யூரியாவை அள்ளிப் போட்டுப் புரத எண்ணை ஏற்றிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எண் ஏறும், ஆனால் முற்றிய தண்டின் செரிமானத்தை யூரியாவால் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கூட்டத்தில்தான் அதிகம் உழைத்திருக்கிறார்கள். ஜார்ஜியா மாநிலம் டிஃப்டனில் கிளென் பர்ட்டன் 1943இல் வெளியிட்ட "கோஸ்டல்" பெர்முடா, அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் உலர்புல் தொழிலையே மாற்றியது. 1990களின் தொடக்கத்தில் அதே இடத்திலிருந்து வந்த "டிஃப்டன் 85" ஒரு விசித்திரம். ஆய்வக அறிக்கையில் அதன் நார் கோஸ்டலைவிடக் கூடுதலாக இருக்கும். மாட்டின் வயிற்றில் செரிப்பதும் கூடுதலாக இருக்கும். செல் சுவரில் லிக்னினைப் பிணைக்கும் ஒருவகைப் பிணைப்பு அதில் குறைவு என்பதே காரணம். நார் எண்ணை மட்டும் பார்த்துப் புல்லைக் கழித்துக்கட்டுபவர்களுக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

தண்டின் தடிமனும் புல் வகையைச் சேர்ந்த விஷயமே. நேப்பியர் போன்ற பருமனான புல் பசுந்தீவனத்துக்கு அருமை, உலர்புல்லுக்குச் சரிப்படாது. இலை சருகாகி நொறுங்கிய பிறகும் கணுவுக்குள் ஈரம் இருக்கும். அதைக் கட்டி அடுக்கினால் உள்ளே பூசணம் பிடிக்கும். நறுக்கிக் காற்றுப் புகாமல் மூடிப் பதனத்தீவனமாகப் போடுவதே அதற்கு வழி. கொழுக்கட்டைப் புல், ரோட்ஸ், டெஃப் எல்லாம் மெல்லிய தண்டுள்ளவை; சீக்கிரம் காயும்.

பயறு வகைகளில் குதிரைமசால்தான் தலைமை. மொட்டுப் பருவத்தில் அறுத்தால் புரதம் 20 சதவீதத்தைத் தொடும். நார் குறைவு, உள்ள நாரும் வயிற்றில் விரைவாக உடைந்து இடம் கொடுக்கும், சுண்ணாம்புச் சத்து நிறைய. ஆனால் அதன் பலவீனமும் இலையில்தான். புரதத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இலையில் இருக்கிறது. அந்த இலை தண்டுக்கு முன்பே காய்ந்து, தொட்டால் பொடியாகி உதிர்கிறது. உச்சி வெயிலில் வாரிப் புரட்டினால் வயலில் கிடப்பது சத்து, கட்டில் வருவது குச்சி. அதனால் இலையில் சற்று ஈரம் இருக்கும்போதே, பனி முழுதும் விலகாத காலை வேளையில் வாருவார்கள். முயல்மசால், தட்டைப்பயறு ஆகியவற்றிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

முதல் அறுப்பு ஏன் முரடு?

குளிர்காலப் புல் விளையும் இடங்களில் முதல் அறுப்பு முரடு, இரண்டாவது மென்மை, மூன்றாவது பஞ்சு என்று ஒரு பேச்சு உண்டு. வளர்ப்பு முயலுக்குத் திமோத்தி வாங்குபவர்கள் பொட்டலத்திலேயே இந்த எண்களைப் பார்த்திருப்பார்கள். இதில் பாதி உண்மை.

ஆர்ச்சர்டு புல், ஃபெஸ்கியூ முதலியவற்றுக்குக் கதிர் கட்ட ஒரு குளிர்காலத்தைக் கடந்தாக வேண்டும். வசந்தத்தில் ஒருமுறை கதிர் விடும். அதை அறுத்துவிட்டால், அந்த ஆண்டில் அடுத்து வரும் தழைவில் பெரும்பாலும் இலைதான். இரண்டாம் அறுப்பு மென்மையாக இருப்பதற்குக் காரணம் இது. திமோத்திக்கு அந்தக் குளிர்க் கட்டாயம் இல்லாததால் மறுதழைவிலும் கதிர் தலைகாட்டும்.

மீதிப் பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை. வசந்தத்தின் இதமான குளிரில் வளர்ந்த இளம்புல், அதே வயதுள்ள கோடைப் புல்லைவிட நன்றாகச் செரிக்கும். வெப்பம் ஏற ஏறச் செடியின் முதிர்ச்சி விரைவுபடும், லிக்னின் படிவதும் கூடும். பகலில் சேர்த்த சர்க்கரையை இரவுச் சூட்டில் செடியே மூச்சாகச் செலவழித்துவிடும். எனவே இலை மட்டுமே இருந்தாலும் கோடை அறுப்பின் செரிமானம் வசந்தத்தின் தொண்டைக்கதிர்ப் புல்லை எட்டாமல் போவது உண்டு. அப்படியானால் முதல் அறுப்புக்கு ஏன் கெட்ட பெயர்? அந்தப் புல் பக்குவத்துக்கு வரும் வாரங்களில் மழை விடாது, நிலம் ஈரமாகக் கிடக்கும். விவசாயி வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார். வெயில் வரும்போது கதிர் பூத்து முடிந்திருக்கும். முரட்டுத்தனம் முதல் அறுப்பின் குணமாக இருப்பதைவிட, தாமதத்தின் விளைவாக இருப்பதே அதிகம். தாமதமாகக் கதிர் விடும் ஆர்ச்சர்டு ரகங்களை உருவாக்கியதற்குப் பின்னாலும் இந்தக் கணக்கு உண்டு. கதிரைச் சில நாள் தள்ளிப்போட்டால் வெயிலோடு சேர்த்துப் பிடித்துவிடலாம்.

இலையுதிர்காலத்து அறுப்பில் சிக்கல் தலைகீழ். குளிர் திரும்புவதால் வளர்ச்சி மெதுவாகி, தண்டே இல்லாமல் இலை செழித்து, சர்க்கரையும் கூடும். சத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பகல் குறுகி, பனி கனத்து, வெயில் சாய்ந்துவிடும் அந்த நாட்களில் அதை உலர்த்தி முடிப்பதுதான் பெரும்பாடு.

மழைக்காலமும் வறண்ட காலமுமாக ஆண்டு பிரியும் வெப்பநாடுகளில் இந்த முரண் இன்னும் கூர்மை. புல் நல்ல பக்குவத்தில் இருப்பது மழைக்கு நடுவே. உலர்த்தத் தோதான வெயில் வருவது மழை ஓய்ந்த பிறகு. அதற்குள் புல் ஆளுயரம் வளர்ந்து விதையும் உதிர்த்திருக்கும். இங்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மழைக்காலத்தின் நடுவில் ஒருமுறை அறுத்துப் பச்சையாகப் போட்டுவிட்டால், கடைசி மழையில் தழைக்கும் இளம்புல் வறண்ட காலம் தொடங்கும்போது சரியான வயதில் நிற்கும்.

வெயிலில் கிடக்கும் நேரம்

அறுக்கும்போது புல்லில் 80 சதவீதம் வரை நீர். கட்டும்போது 15 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு டன் உலர்புல் வேண்டுமென்றால் நாலேகால் டன் பச்சைப்புல்லை அறுத்து, அதிலிருந்து 3.25 டன் தண்ணீரைக் காற்றில் விட்டாக வேண்டும். இவ்வளவையும் செய்வது வெயிலும் காற்றும்தான்.

அறுத்த புல் உடனே செத்துவிடுவதில்லை. செல்கள் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை சர்க்கரை எரிந்துகொண்டிருக்கும். முதல் சில மணி நேரம் இலைத்துளைகள் திறந்திருக்கும்போது நீர் மளமளவென்று வெளியேறும். புல்லைக் குவியலாக விட்டால் உள்ளே இருட்டில் துளைகள் மூடிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு சதவீதத்துக்கும் போராட வேண்டியிருக்கும். அறுத்த கையோடு அகலமாகப் பரப்பிப் போடுவது செலவே இல்லாத உபாயம். அதையும் பலர் செய்வதில்லை.

மழை எப்போது நனைத்தது என்பதும் முக்கியம். அறுத்த அன்றே தூறினால் சேதம் குறைவு. காய்ந்து கட்டத் தயாராக இருக்கும்போது பெய்தால் கரையும் சர்க்கரையும் உப்புகளும் வடிந்துபோகும், மறுபடி புரட்டும்போது இலையும் உதிரும். எஞ்சுவதில் நாரின் விகிதம் தானாகவே கூடிவிடும்.

காலையில் அறுப்பதா, மாலையிலா? ஒளிச்சேர்க்கையால் பகல் முழுதும் இலையில் சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். பிற்பகலில் அறுத்த ஃபெஸ்கியூ உலர்புல்லையும் காலையில் அறுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது மாடுகளும் ஆடுகளும் பிற்பகல் புல்லையே தேடித் தின்றன என்று 1990களில் அமெரிக்காவில் நடந்த சோதனைகள் காட்டின. வறண்ட காற்றுள்ள இடத்தில் இதைத் தாராளமாகப் பின்பற்றலாம். ஈரக்காற்று வீசும் இடத்தில் காலையிலேயே அறுத்து ஒரு முழுப் பகலைச் சம்பாதிப்பதே புத்தி; மாலையில் அறுத்தால் கூடுதலாகக் கிடைத்த சர்க்கரையை இரவு மூச்சே தின்றுவிடும்.

அவசரப்பட்டு 20 சதவீதத்துக்கும் மேல் ஈரத்தோடு கட்டினால் நுண்ணுயிர்கள் பெருகிக் கட்டு சூடாகும். 60 பாகை செல்சியஸ் அளவில் சர்க்கரையும் புரதமும் பிணைந்து, புல் பழுப்பேறிப் புகையிலைபோல மணக்கும். மாடு அதை ஆசையாகத் தின்னும். புரதமோ சாணத்தோடு வெளியேறிவிடும். சூடு இன்னும் ஏறினால் தானாகவே தீப்பிடிக்கும். கட்டி அடுக்கிய இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் இது நடக்கலாம்.

வெயிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினை அது வெளுக்கவைக்கிறது. கூடவே புல்லில் வைட்டமின் டி உண்டாக்குகிறது. வெளியே மஞ்சளித்த கட்டின் உள்ளே பச்சை இருந்தால் கவலைப்பட ஏதுமில்லை.

சில புற்களுக்கு உள்ள சொந்தத் தொல்லைகள்

கென்டக்கி மாநிலத்தில் 1943இல் வெளியிடப்பட்ட "கென்டக்கி 31" ஃபெஸ்கியூ வறட்சியையும் மிதியையும் தாங்கி லட்சக்கணக்கான ஏக்கரில் பரவியது. அதைத் தின்ற மாடுகளோ இளைத்தன, வெயில் தாங்காமல் தவித்தன, சிலவற்றுக்குக் குளம்பும் வாலும் அழுகின. புல்லுக்குள் வாழும் ஒரு பூஞ்சையே காரணம் என்று 1977இல்தான் பிடிபட்டது. அதன் நஞ்சு உலர்த்தினாலும் முழுதும் போகாது. ஆனால் கதிரில்தான் அது மிகுதியாகச் சேர்கிறது என்பதால், கதிருக்கு முன் அறுத்தால் பாதிப் பிரச்சினை குறைந்துவிடும்.

சோளத்திலும் சூடான் புல்லிலும் இளம் தழையில் இருக்கும் சயனைடு நஞ்சு நன்றாக உலர்த்தும்போது பெரும்பாலும் ஆவியாகிவிடும். அதை நம்பி நைட்ரேட்டை மறந்துவிடக் கூடாது. வறட்சிக்குப் பின் மழை பெய்து புல் திடீரென்று தழைக்கும்போது அடித்தண்டில் நைட்ரேட் குவியும். உலர்த்தினாலும் அப்படியே தங்கும். சில நாள் பொறுத்து, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுப்பது நல்லது.

பயறு வகைத் தீவனச் செடியான ஸ்வீட் குளோவரின் கதை இன்னும் சுவையானது. காய்ந்த புல்லுக்கு நறுமணம் தரும் கூமரின் அதில் ஏராளம். ஈரத்தோடு கட்டிப் பூசணம் பிடித்தால் அந்தக் கூமரின், ரத்தத்தை உறையவிடாத நஞ்சாக மாறும். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் கொம்பு நீக்கிய மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் கார்ல் பால் லிங்க் குழுவினர் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் முதலில் எலி மருந்தாகவும் பிறகு இதயநோயாளிகளுக்கு மாத்திரையாகவும் வந்த வார்ஃபரின்.

யாருக்கு நல்ல புல்?

புரதம் கூடிய, நார் குறைந்த புல்லே எப்போதும் உயர்ந்தது என்று எடுத்துக்கொண்டால் அதுவும் தப்பு. கறவை உச்சத்தில் இருக்கும் பசுவுக்கு மொட்டுப் பருவக் குதிரைமசால் பொருத்தம். பால் வற்றிய சினைப்பசுவுக்கு அதே புல்லில் உள்ள பொட்டாசியமும் சுண்ணாம்பும் கன்று ஈனும் சமயத்தில் பால்சுரம் (ரத்தத்தில் சுண்ணாம்பு இறங்கிவிடும் நோய்) வர வழிசெய்யும். அதற்குச் சற்று முற்றிய திமோத்தி மேல். வளர்ந்த முயலுக்கும் குதிரைமசாலின் சுண்ணாம்பு சிறுநீரில் கல்லாக வாய்ப்புண்டு. அதன் பல் தேயவும் குடல் ஓடவும் நார் வேண்டும்.

குதிரையின் கணக்கு வேறு. குளிர்காலப் புற்கள் மிச்சமான சர்க்கரையை ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத் தொடராகச் சேமிக்கும். வெயில்காலப் புற்கள் இலையில் மாவுச்சத்தாகச் சேமிக்கும், அதற்கு ஓர் அளவும் உண்டு. பகல் வெயிலும் இரவுக் குளிருமாக இருந்த நாட்களில் அறுத்த ரை புல் கொழுத்த குதிரைக்குக் குளம்பு வீக்கத்தைக் கொண்டுவரலாம். அங்கே பெர்முடாவின் "தரக்குறைவே" தகுதியாகிவிடுகிறது.

கட்டைப் பிரித்துப் பார்க்கும்போது நிறத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பிடி எடுத்துக் கதிர்களைத் தேடுங்கள். கதிரே இல்லையென்றால் இளசு, அல்லது மறுதழைவு. பச்சையாக, இறுகிய கதிர் இருந்தால் நேரத்தில் அறுத்தது. உள்ளங்கையில் தேய்த்ததும் விதை உதிர்ந்தால் விலை பேசும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பிடியை முறுக்கினால் மென்மையாக வளைய வேண்டும். சுள்ளிபோல முறிந்தால் தண்டு முற்றிவிட்டது. குதிரைமசாலில் இலை தண்டோடு ஒட்டியிருக்கிறதா, கட்டின் அடியில் பொடியாகக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். உதறும்போது வெண்புழுதி எழுந்து தொண்டையைக் கமறினால் அது பூசணம்.

கண்ணும் கையும் சொல்வது இவ்வளவு. புரதம் 9ஆ 12ஆ என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். அதற்கு ஒரு கட்டிலிருந்து ஒரு பிடியை உருவி அனுப்பினால் கிடைப்பது அந்தப் பிடியின் தரம் மட்டுமே. குழாய்த் துளைப்பானை இருபது கட்டுகளில் ஏற்றி எடுத்துக் கலந்து அனுப்ப வேண்டும். அந்த இருபதும் ஒரே வயலில், ஒரே அறுப்பில், ஓரிரு நாளுக்குள் கட்டியவையாக இருக்க வேண்டும். மழைக்கு முன் கட்டியதையும் பின் கட்டியதையும் கலந்து அடுக்கிவிட்டால், எந்தக் கட்டு கறவைக்கு, எந்தக் கட்டு வற்றிய மாட்டுக்கு என்று அறிக்கை வந்த பிறகும் பிரிக்க முடியாது.